கொரியாவும் நாஞ்சில் நாடும்: உறவுக் கதைகளும் உண்மைத் தடங்களும்

கடல் கடந்த நாடுகளில் தமிழின் சுவடுகளைத் தேடும் ஆர்வம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. குமரி முனையில் வாழும் நமக்கு அவ்வார்வம் சற்று மிகுதி எனலாம். தெற்கே நோக்கினால் கடல்கொண்ட நிலம் நினைவுக்கு வருகிறது. மேற்கே நோக்கினால் யவனக் கலங்கள் நினைவுக்கு வருகின்றன. சென்ற நூற்றாண்டில் சுமேரியமும் இலெமூரியாவும் நம் பேச்சில் பெற்றிருந்த இடத்தை அண்மைக் காலத்தில் கொரியா பெற்றுவருகிறது.

இதற்குக் காரணங்கள் பல. 1996இல் கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனம் திருப்பெரும்புதூரை அடுத்துக் கால்கொண்டது. 2013இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் ஒளிபரப்பியது. பின்னர்க் கொரிய இசைக்குழுக்களின் பாடல்கள் நம் கல்லூரி மாணவியரின் கைப்பேசிகளை நிறைத்தன. கொரியக் குழந்தைகளும் ‘அப்பா’, ‘அம்மா’ போல ஒலிக்கும் சொற்களால் பெற்றோரை அழைப்பதைக் கேட்டோர் வியந்தனர். வியப்பு விரைவில் வரலாறாக எழுதப்பட்டது. கொரிய அரசகுலத்தின் முதல் தாய் தமிழ்ப்பெண். அவள் புறப்பட்டது குமரிக் கரை. அவளைப் பெற்றது நம் ஆய் நாடு. இவ்வாறு மேடைகளில் முழங்கக் கேட்கிறோம்.

நம் நாட்டின் பெயர் இக்கதையில் அடிபடுவதால் இதனை ஆராய்ந்து சொல்லும் கடமையும் நமக்கே முதலில் உரியது. தமிழுக்கும் கொரியாவுக்கும் உறவு இல்லை என்று மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. உறவு எந்தச் சான்றில் நிற்கிறது, எந்த ஆசையில் நிற்கிறது என்று பிரித்துக் காண்பதே நோக்கம்.

அயுத நாட்டு இளவரசி

கதையின் மூலம் ‘சம்குக் யூசா’ என்னும் கொரிய நூல். ‘மூன்று அரசுகளின் எஞ்சிய செய்திகள்’ என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இர்யோன் என்னும் பௌத்தத் துறவி இதனைத் தொகுத்தார். 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பெற்ற ‘காரக் நாட்டுக் குறிப்பு’ இந்நூலில் சுருக்கி எடுத்தாளப்பட்டுள்ளது. கி.பி. 48இல் ‘அயுத’ நாட்டு இளவரசி ஒருத்தி செந்நிறப் பாய் விரித்த கலத்தில் வந்து, காயா நாட்டு மன்னன் சுரோவை மணந்தாள் என்பது அதில் உள்ள செய்தி. அவள் பெயர் ஹோ ஹ்வாங்-ஓக், வயது 16. இன்றைய கிம்ஹே நகரில் அவளுடையது எனப் போற்றப்படும் கல்லறையும், அவள் கலத்தில் கொணர்ந்ததாகக் கூறப்படும் கல் அடுக்குத் தூபியும் உள்ளன.

கொரியாவில் இது ஏட்டில் மட்டும் உறங்கும் கதையன்று. கிம்ஹே கிம் குடியினரும் கிம்ஹே ஹோ குடியினரும் தம்மை அவ்விருவர் வழியினராகக் கருதுகின்றனர். மன்னனின் மக்களுள் இருவர் தாயின் குடிப்பெயரைத் தாங்கினர் என்பது மரபுச் செய்தி. ஆதலின் இவ்விரு குடியினரும் தமக்குள் மணவுறவு கொள்வதில்லை என்பது வழக்கம். நம் ஊர்களில் கிளை பார்த்துப் பெண் கொடுப்பது போன்றதே இது.

இதனைப் படிக்கும் நாஞ்சில் நாட்டார் ஒருவருக்குத் தாய்வழிப் பெயர் என்றவுடன் மருமக்கள்வழி நினைவுக்கு வருதல் இயல்பு. ‘தாய்வழி மரபைக் கொரியாவுக்குக் கொண்டு சென்றவள் நாஞ்சில் நாட்டுப் பெண்ணே’ என்று அடுத்த மேடையில் ஒருவர் முழங்கினால் கையொலி எழும். ஆனால் 1926ஆம் ஆண்டின் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வரை இங்கு நிலவிய மருமக்கள்வழி, சொத்து உடன்பிறந்தாள் மகனுக்குச் செல்லும் உரிமைமுறை. இரண்டு புதல்வருக்குத் தாயின் குடிப்பெயர் இட்டதற்கும் அதற்கும் பொதுவானது ‘தாய்’ என்ற ஒரு சொல்லே. ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு உறவு கட்டுவது எத்துணை எளிது என்பதை இதனால் உணரலாம்.

ஆய் நாடும் அயுதமும்

‘அயுத’ நாடு எது? கொரியத் தொல்லியலாளர் கிம் பியுங்-மோ அதனை அயோத்தியோடு பொருத்தினார். 2001இல் அயோத்தியில் அரசியின் நினைவகம் திறக்கப்பெற்றது. 2018இல் அதனை விரிவாக்கும் பணியின் தொடக்க விழாவுக்குக் கொரியக் குடியரசுத் தலைவரின் துணைவியார் கிம் ஜுங்-சுக் வந்திருந்தார். இரு அரசுகளும் இக்கதையை நட்புறவின் அடையாளமாக ஏற்றுக்கொண்டன. தாய்லாந்தின் அயுத்தயாவைச் சுட்டுவோரும் உண்டு. எனினும் அந்நகர் 14ஆம் நூற்றாண்டில் உருவானது. அதற்கு முன்பே இர்யோன் மறைந்துவிட்டார்.

தமிழ்நாட்டில் இக்கதையை ஆய் நாட்டோடு இணைப்போர் மூன்று காரணங்கள் காட்டுவர். ஒன்று, ஆய் என்னும் பெயர். இரண்டு, கிம்ஹேயில் சுரோ மன்னனின் கல்லறை வாயிலில் காணப்படும் இரட்டை மீன். அது பாண்டியர் இலச்சினை என்பர். மூன்று, பழந்தமிழரின் கடலோட்டம்.

மூன்றாவதை முதலில் நோக்குவோம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடற்செலவு’ என்னும் கிரேக்க நூல் குமரியையும் அங்குள்ள துறையையும் கூறுகிறது. தாலமி இரண்டாம் நூற்றாண்டில் குமரி முனையை ஆயர் நாட்டுப் பகுதியாகக் குறிக்கிறார். பொதியில் மலைக்குரிய ஆய் அண்டிரனைப் புறநானூறு போற்றுகிறது. ஆகவே அக்காலத்தில் ஆய் நாடு இருந்தது, குமரியில் கலங்கள் வந்துபோயின என்பன ஐயத்திற்கு இடமற்றவை. ஆனால் கலம் இருந்தது என்பது, அக்கலம் கொரியா சென்றது என்பதற்குச் சான்றாகாது.

இரட்டை மீன் பாண்டியர்க்கு மட்டும் உரியதன்று. வட இந்தியாவிலும் திபெத்திலும் பௌத்த, சமண மங்கலச் சின்னங்களுள் இணைமீன் ஒன்று. மேலும், அச்சின்னம் உள்ள வாயில் பிற்காலக் கட்டடம். முதல் நூற்றாண்டுச் செய்திக்கு அது சான்று பகராது.

எஞ்சியது பெயர். ‘அயுத’ என்று கொரிய நூல் எழுதும் சீன எழுத்துகளே, யுவான் சுவாங் தம் பயண நூலில் வடநாட்டு அயோத்தியைக் குறிக்க ஆண்டவை. பௌத்த நூல்களில் பழகிய துறவிகளுக்கு அப்பெயர் நன்கு தெரிந்தது. கி.பி. 48க்கும் அக்குறிப்பு எழுதப்பெற்ற காலத்திற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள் உள்ளன. கொரிய அரசுகளுள் முதலாவதாகக் கோகுரியோ பௌத்தத்தை ஏற்றது 372இல். பௌத்தம் வேரூன்றிய பின்னர், புத்தர் பிறந்த திசையிலிருந்து தம் முதல் அரசி வந்தாள் என்று ஒரு மரபு வளர்ந்திருக்கலாம் என ஆய்வாளர் பலர் கருதுவதில் நியாயம் உண்டு. அயோத்தி என்பாரின் கூற்றும் இதனால் உறுதிபெறவில்லை; முதல் நூற்றாண்டில் அந்நகர் சாகேதம் என்னும் பெயராலேயே பெரிதும் அறியப்பட்டிருந்தது. வடக்கின் உரிமைக் கூற்றுக்கு எதிராகத் தெற்கின் உரிமைக் கூற்று ஒன்றை எழுப்புவதால் வரலாறு தெளிவதில்லை.

அரசிக்குச் ‘செம்பவளம்’ என்று தமிழ்ப்பெயர் சூட்டி எழுதுவோரும் உளர். ஹ்வாங்-ஓக் என்பதற்கு மஞ்சள் மணிக்கல் என்பது பொருள். மஞ்சளைச் சிவப்பாக்கி, மணிக்கல்லைப் பவளமாக்கியபின் அப்பெயர் எந்த உறவைக் காட்டும்?

இங்கு வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஆய் நாட்டுக்கும் பௌத்த உலகுக்கும் தொடர்பு காட்டும் மெய்ச்சான்று நம்மிடம் இருக்கிறது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன், திருமூலவாசம் என்னும் பௌத்தத் தலத்திற்கு நிலம் அளித்ததைப் பாலியம் செப்பேடு கூறுகிறது. அதே மன்னன் காலக் கல்வெட்டு நம் சிதறால் மலையில் சமணர் பள்ளியில் உள்ளது. அவனுக்கு முன் ஆண்ட கருநந்தடக்கன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் விண்ணகரம் எடுத்து, 95 சட்டர்கள் பயிலும் சாலையும் அமைத்தான். வைணவம், சமணம், பௌத்தம் ஆகிய மூன்றையும் புரந்த ஓர் அரசமரபு நம் மண்ணில் இருந்தது. கைக்கெட்டும் செப்பேட்டைப் படிக்காமல் கைக்கெட்டாத கலத்தின் பாயை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

சொல்லொலியும் சொல்லுறவும்

மொழி உறவுக் கொள்கைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வயது உண்டு. 1856இல் இடையன்குடியிலிருந்த கால்டுவெல் திராவிட மொழிகளைச் ‘சித்தியம்’ எனத் தாம் அழைத்த வட ஆசிய மொழிகளோடு ஒப்பிட்டார். 1905இல் ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் ஒன்றைச் சியோலில் வெளியிட்டார். கொரிய விடுதலைக்காக உழைத்தவர் என்று அந்நாட்டார் அவரை இன்றும் நன்றியோடு நினைக்கின்றனர். 1984இல் கிளிப்பிங்கர் என்பார் சொல்லொப்புமைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டு அக்கொள்கைக்குப் புத்துயிர் ஊட்ட முயன்றார். மொழியியலாளருள் பெரும்பாலோர் இதனை ஏற்கவில்லை.

ஏன் ஏற்கவில்லை என்பதை நம் மாணவர்க்கும் விளங்கும்படி சொல்லலாம். பயனிலை இறுதியில் நிற்றல், உருபுகள் பெயருக்குப் பின் வருதல், ஒட்டுநிலை ஆகியவை தமிழுக்கும் கொரியத்திற்கும் பொது. ஜப்பானியம், மங்கோலியம், துருக்கியம் ஆகியவற்றுக்கும் அவை பொது. ‘அம்மா’, ‘அப்பா’ போன்றவை குழந்தை வாயில் முதலில் எழும் இதழொலிகளால் ஆனவை. உறவற்ற மொழிகளிலும் ஒத்து வருவன. இதனை ரோமன் யாக்கப்சன் 1960இல் விளக்கிவிட்டார்.

‘வா’ என்னும் ஏவல் இரு மொழியிலும் உண்டு என்பர். கொரியத்தில் வினையடி ‘ஒ’ என்பதே. ‘அ’ என்னும் விகுதி சேரும்போதுதான் அது ‘வ’ என ஒலிக்கிறது. தமிழில் வகரம் அடியிலேயே உள்ளது. கொரியத்திலும் புல்லைப் ‘புல்’ என்பர். ஆனால் 15ஆம் நூற்றாண்டு நூல்களில் அச்சொல் உகரமின்றி வேறோர் உயிரோடு எழுதப்பட்டுள்ளது. இதழ்மெய்யை அடுத்து அவ்வுயிர் உகரமாகத் திரிந்தது பின்னாளில். சேஜோங் மன்னர் 1446இல் வெளியிட்ட எழுத்துமுறை ஒலிகளை நுட்பமாகக் காட்டுவதால்தான் இதனை அறிய முடிகிறது. பின்னோக்கிச் செல்லுந்தோறும் இரு சொற்களும் நெருங்குவதற்கு மாறாக விலகுகின்றன. உறவுச் சொற்கள் அவ்வாறு விலகா.

எளிதில் கடன்பெறாத சொற்களைப் பாருங்கள். கண்ணைக் கொரியர் ‘நுன்’ என்பர்; மூக்கைக் ‘கோ’ என்பர்; கையைச் ‘சோன்’ என்பர்; நீரை ‘முல்’ என்பர். ஒன்று, இரண்டு, மூன்று என்பன ‘ஹனா, துல், செத்’. நம் அண்டை மொழியாகிய மலையாளத்தோடு இச்சொற்களை வைத்துப் பார்த்தால், மொழியுறவு என்பது எப்படி இருக்கும் என்பது தானே விளங்கும்.

ஆசிரியரும் மாணவரும்

இனி உண்மைத் தடங்களுக்கு வருவோம். 1908இல் பிரெஞ்சு அறிஞர் பால் பெலியோ, சீனத்தின் துன்ஹுவாங் குகையில் முதலும் முடிவும் சிதைந்த ஏட்டுச் சுருள் ஒன்றைக் கண்டெடுத்தார். ‘ஐந்து இந்திய நாடுகளுக்குச் சென்ற பயணக் குறிப்பு’ என்னும் அந்நூலை இயற்றியவர் ஹியெச்சோ. அவர் கொரியச் சில்லா நாட்டினர் என்பதை ஜப்பானிய அறிஞர் தகாகுசு 1915இல் நிறுவினார். ஹியெச்சோ இளந்துறவியாகக் கடல்வழி இந்தியா வந்து, நிலவழி திரும்பி, 727இல் நடு ஆசியப் பகுதியை அடைந்தவர்.

தென்னிந்தியா பற்றி அவர் எழுதியவை சிலவே. மன்னனிடம் 800 யானைகள் இருந்தன. நாடு தென்கடல் வரை பரந்திருந்தது. நாகார்ச்சுனர் எடுப்பித்த மலைப்பள்ளி ஒன்று துறவிகளின்றிக் கிடந்தது. இது சாளுக்கிய நாட்டைக் குறிக்கும் என்பர். அவர் தமிழகத்தில் கால் வைத்தார் என்று கூற இடமில்லை. ஆனால் தென்னிந்தியாவைச் சொல்லும் அப்பகுதியில், நிலவொளியில் தாய்நாட்டுத் திசையை நோக்கி ஏங்கும் பாடல் ஒன்றையும் அவர் எழுதி வைத்துள்ளார். தென்னகத்து வானின்கீழ்க் கொரியர் ஒருவர் பாடியதாக நமக்குக் கிடைத்துள்ள பழமையான கவிதை அது. நம் வட்டத்துக் கவிஞர்கள் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

திரும்பிச் சென்ற ஹியெச்சோ சீனத் தலைநகர் சாங்ஆனில் 733இல் ஓர் ஆசிரியரிடம் சேர்ந்து எட்டாண்டுகள் பயின்றார். அவ்வாசிரியர் வச்சிரபோதி. 671 முதல் 741 வரை வாழ்ந்த அவரது பிறப்பிடம் பற்றி இருவேறு வரலாறுகள் உள்ளன. நடு இந்திய அரசகுமாரர் என்கிறது ஒன்று. தென்னாட்டு மலய நாட்டினர், அவலோகிதர் உறையும் போதலக மலையை அடுத்த பகுதியினர் என்கிறது மற்றொன்று. காஞ்சியோடு அவருக்கிருந்த தொடர்பும், இலங்கை, சீவிசயம் வழியாக அவர் 719இல் சீனக் கரையை அடைந்ததும் அவர் வரலாற்றில் இடம்பெறும் செய்திகள்.

போதலகம் நம் பொதிகையே என்று ஜப்பானிய அறிஞர் ஷு ஹிகோசாகா தமிழ்ச் சான்றுகளோடு 1989இல் எழுதினார். அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்னும் வீரசோழியச் செய்தி இங்கு நினையத்தக்கது. கொரியாவின் கீழைக் கடற்கரையில் நக்சான்சா என்னும் பள்ளி உள்ளது. 671இல் உய்சாங் என்னும் துறவி நிறுவியது என்பது மரபு. ‘நக்சான்’ என்பது போதலக மலை என்பதன் கொரிய வடிவத்தின் சுருக்கம். 2005இல் காட்டுத்தீ அப்பள்ளியை எரித்து அதன் பழைய மணியையும் உருக்கிவிட்டது. கொரியர் அதனை மீண்டும் எழுப்பினர். ஹிகோசாகாவின் கருத்து ஏற்கப்படுமாயின், நம் வீடுகளின் வடகிழக்கே தெரியும் மலைத்தொடரின் பெயர் கொரியக் கடலோரத்தில் இன்றும் வழங்குகிறது எனலாம்.

இதில் குருதி உறவு இல்லை. அரச மணம் இல்லை. ஓர் ஆசிரியர் இருக்கிறார். ஒரு மாணவர் இருக்கிறார். இருவரும் தம் நாட்டை விட்டு மூன்றாம் நாட்டில் வேற்றுமொழி நூல் ஒன்றின் முன் அமர்ந்திருக்கின்றனர். தமிழ் கற்பிக்கும் எனக்கு இதனினும் பெருமைக்குரிய உறவு வேண்டுமென்று தோன்றவில்லை.

சென்னைத் துறைமுகத்தில் 88 பேர்

அடுத்த தடம் நம் தந்தையர் காலத்தது. 1950இல் கொரியப் போர் மூண்டபோது இந்தியா படை அனுப்பவில்லை. லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் மருத்துவப் பிரிவை அனுப்பியது. 1953 ஜூலை 27இல் போர்நிறுத்தம் ஏற்பட்டபின், நாடு திரும்ப விரும்பாத போர்க்கைதிகளைக் காக்கும் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. ஜெனரல் திம்மையா நடுநிலை நாடுகளின் குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

வடக்கும் வேண்டா, தெற்கும் வேண்டா, மூன்றாம் நாடு ஒன்றே வேண்டும் என்றனர் கைதிகளுள் சிலர். அவர்கள் 88 பேர். பெரும்பாலோர் கொரியர், சிலர் சீனர். 1954 பிப்ரவரியில் இந்தியப் படையினரோடு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினர். பின்னர்ப் பெரும்பாலோர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் சென்றனர். சிலர் இந்தியாவிலேயே தங்கினர். கொரிய எழுத்தாளர் சோய் இன்-ஹுன் 1960இல் வெளியிட்ட ‘சதுக்கம்’ என்னும் நாவல் இத்தகைய கைதி ஒருவனின் கதை. இந்தியாவுக்குச் செல்லும் ‘தாகூர்’ என்னும் கப்பலிலிருந்து அவன் கடலில் மறைந்துவிடுகிறான். கொரியரின் இலக்கிய நினைவில் அழியாத இடம்பெற்ற இக்கடற்பயணம் முடிந்த கரை நம் கரை. செந்நிறப் பாயைப் பாடும் நாம் இந்தக் கப்பலைப் பாடியதில்லை.

பிறர் கண்ணில் தம்மைக் காணும் ஆசை கொரியருக்கும் இருந்தது. 1929இல் தாகூர் கொரியாவைப் போற்றி எழுதிய நான்கே அடிகள் அந்நாட்டு நாளிதழில் வெளிவந்தன. அடிமைப்பட்டிருந்த மக்களுக்கு அவை மருந்தாயின. நாளடைவில் கீதாஞ்சலிப் பாடல் ஒன்றும் அவற்றோடு ஒட்டிக்கொண்டு, முழுவதும் கொரியாவைப் பாடியதே என்று பரவியது. பின்னர் உண்மையைச் சுட்டியவர்கள் கொரிய ஆய்வாளர்களே. அதனால் தாகூர் மீது அவர்கள் கொண்ட அன்பு குறையவில்லை.

நமக்குரிய வழி

கொரிய இலக்கியத்தை அதற்காகவே அணுகினால் நாம் பெறக்கூடியது மிகுதி. துறவியும் விடுதலை வீரருமான ஹன் யோங்-உன் 1926இல் வெளியிட்ட ‘நிம்மின் மௌனம்’ ஓர் எடுத்துக்காட்டு. ‘நிம்’ என்னும் சொல் காதலனையும், இறைவனையும், இழந்த நாட்டையும் ஒருங்கே சுட்டும். தலைவன் என்ற சொல்லுக்குள் இறைவனைக் கண்ட ஆழ்வார்களின் வழியினருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மூன்று அடிகளில் முடியும் ‘சிஜோ’ யாப்பும் வெண்பாவில் பழகிய செவிக்குச் சுவை தரும். 2024இல் நோபல் பரிசு பெற்ற ஹன் காங்கின் நாவலைக் கவிஞர் சமயவேல் ‘மரக்கறி’ என்று தமிழாக்கியுள்ளார். ஆங்கிலத்தின் வழியே வந்த நன்முயற்சி அது. கொரியத்திலிருந்து நேரே பெயர்ப்போர் நம்மிடையே பெருக வேண்டும்.

அறிவு வளருமுன் ஆசை வளர்ந்துவிட்டது. 2024 ஜனவரியில் கரூர் மாவட்டச் சிறுமியர் மூவர் தம் உள்ளங்கவர்ந்த இசைக்குழுவைக் காணக் கப்பலேறிக் கொரியா செல்ல எண்ணி வீட்டைவிட்டுப் புறப்பட்டு, காட்பாடியில் மீட்கப்பட்டனர். அக்குழந்தைகளை நகைத்தல் தகாது. அவர்களுக்குக் கொரிய எழுத்தையும் வரலாற்றையும் கவிதையையும் கற்பிக்கும் இடம் ஒன்றை நாம் அமைக்கவில்லை. சென்னையில் 2006 முதல் இந்திய-கொரியப் பண்பாட்டு மையம் இயங்குகிறது. தென்கோடி மாவட்டங்களுக்கு அதன் ஒளி எட்டுவது அரிது.

நம் முன்னோர் வழி தெளிவானது. தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆங்கில வழியாகப் புத்தர் வரலாற்றை ‘ஆசிய ஜோதி’ என்றும், பாரசீக உமார் கய்யாமையும் தமிழாக்கினார். புத்தரைத் தமிழர் என்றோ உமாரை நாஞ்சில் நாட்டார் என்றோ சொல்லாமலே அவர்களை நம்மவராக்கினார். அதே கவிமணிதான் காந்தளூர்ச் சாலைக் கல்வெட்டுகளை ஆராய்ந்து, கவிதைக்குரிய கற்பனையை வரலாற்றில் கலவாமல் எழுதியவர். ஒரே மனிதரிடம் இவ்விரண்டும் இருந்தன.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம் அடுத்த பத்தாண்டில் செய்யத்தக்க பணிகள் இரண்டு உள்ளன. பார்த்திவசேகரபுரம், பாலியம், சிதறால் சாசனங்களை உறுப்பினர் அனைவரும் ஒருமுறையேனும் மூலத்தோடு படித்தல் ஒன்று. கொரிய மொழி கற்கும் மாணவியர் இருவரையேனும் கண்டறிந்து, அவர்கள் கையால் கொரியக் கவிதைத் தொகுதி ஒன்றை நேரே தமிழுக்குக் கொண்டுவருதல் மற்றொன்று. ஹியெச்சோவின் நிலவுப் பாடலோடு அத்தொகுதி தொடங்கலாம். 1,300 ஆண்டுகளாக அது தமிழுக்குக் காத்திருக்கிறது.